தம் போட்டபின் ஒரு நடை

திண்டிவனத்தில் கல்யாணம் பேசி முடித்தவர்கள் மண்டபத்தைப் பிடித்த கையோடு பாக்கியராஜையும் பிடித்துவிடுவார்கள். மண்டபம்கூட ஒன்று இல்லாவிட்டால் இன்னொன்று கிடைக்கும். பாக்கியராஜ் கிடைக்கவில்லை என்றால் முகூர்த்தத் தேதியையே கொஞ்சம் தள்ளிப்போட்டவர்கள் உண்டு. விறகடுப்பில் அவர் வைக்கும் பிரியாணிக்கு அப்படி ஒரு பேர்.

எங்கள் தெருவின் கடைசி வீடு அவருடையது. பின்பக்கம் தகரக் கொட்டகையில் அண்டாக்கள் ஒன்றின்மேல் ஒன்று கவிழ்ந்து கிடக்கும். முன்னறையில் அவர் மனைவி சூசை மேரி தையல் மிஷின் போட்டு ஜாக்கெட் தைப்பார். ஒரே மகள் வெனிலா, புதுச்சேரியில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, அங்கேயே ஹாஸ்டலில் தங்கியிருக்கிறாள். பாக்கியராஜுக்கு ஐம்பது தாண்டியிருந்தது. குடிக்க மாட்டார், புகைக்க மாட்டார், பாக்குகூடப் போட மாட்டார். "நமக்கு ஒரு கெட்ட பழக்கமும் கெடையாது" என்று யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லுவார். சொல்லும்போது வயிற்றைத் தடவிக்கொள்வார். அந்த வயிறு வருஷத்துக்கு வருஷம் முன்னால் வந்துகொண்டிருந்தது.

இரண்டாயிரத்து இருபத்து மூன்று வைகாசியில் விழுப்புரத்தில் ஒரு கல்யாணம். அடுப்பில் தணல் சரியாக இருக்கிறதா என்று பார்க்க அண்டாவுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். பார்த்தார். எழுந்திருக்கப் போனார், முடியவில்லை. முழங்கால் இரண்டும் பூட்டிக்கொண்ட மாதிரி இருந்தது. கையை ஊன்றினார், அதுவும் உதவவில்லை. கடைசியில் ஆள்காரர்கள் இரண்டு பேர் ஆளுக்கொரு அக்குளில் கை கொடுக்க, ஒருவர் பின்னாலிருந்து முட்டுக் கொடுக்க, மூட்டையைத் தூக்குகிற மாதிரித் தூக்கி நிறுத்தினார்கள். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். பாக்கியராஜும் சேர்ந்து சிரித்தார். அதைத் தவிர அவருக்கு வேறு என்ன செய்வதென்று தெரியவில்லை.

பெண் வீட்டுப் பையன் ஒருவன் அதைப் போனில் படமெடுத்து, கிரேன் சத்தம் சேர்த்து ஸ்டேட்டஸில் போட்டுவிட்டான். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் அது எங்கெங்கோ சுற்றி வெனிலாவின் போனுக்கும் வந்து சேர்ந்தது.

அவள் உடனே கூப்பிட்டாள். "அப்பா, அது நீதானா?"

"எதும்மா?"

"ரெண்டு பேரு உன்னத் தூக்கறாங்களே."

"அதுவா! சும்மா வெளையாட்டும்மா. கால் மரத்துப்போச்சு."

"சிரிச்சிக்கினுதான் இருக்க. ஆனா உன் மூஞ்சி அப்படி இல்லப்பா." அவள் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. அழுகிறாள் என்று தெரிந்ததும் பாக்கியராஜ் போனை மேரியிடம் கொடுத்துவிட்டுக் கொட்டகைக்குப் போய், ஏற்கெனவே கழுவி வைத்திருந்த அண்டாவை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

அந்த வாரமே மேரி அவரை டாக்டர் ஆர்த்தியிடம் இழுத்துப் போனார். சின்ன வயசு டாக்டர், பொறுமையாகப் பேசுகிறவர். ரத்தம் எடுத்துப் பார்த்ததில் மூன்று மாதச் சராசரி சர்க்கரை எக்கச்சக்கம். ரத்த அழுத்தமும் கூட.

"காலைல என்ன சாப்புடுவீங்க?" என்று டாக்டர் கேட்டார்.

"ஒண்ணும் இல்லீங்க டாக்டர். வேலைன்னு வந்துட்டா எனக்குப் பசியே எடுக்காது. ரெண்டு டீ, அவ்ளோதான்."

அவர் பொய் சொல்லவில்லை. அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த மேரிக்குப் பொறுக்கவில்லை. "டாக்டரம்மா, உப்பு பாக்கறேன்னு ஒரு கரண்டி தால்ச்சா. வெந்துச்சான்னு ரெண்டு துண்டு கறி. தம் ஒடச்சதும் எப்படி வந்துக்கீதுன்னு ஒரு தட்டு. கேசரி கெட்டியாயிடுச்சான்னு ஒரு உருண்டை. இத்தயெல்லாம் நின்னுக்கினே சாப்புட்டா அது சாப்பாட்டுல சேராதா?"

டாக்டர் சிரிக்கவில்லை. பாக்கியராஜும் சிரிக்கவில்லை. இத்தனை வருஷம் தான் சாப்பிட்டதெல்லாம் வேலை என்றே அவர் நினைத்திருந்தார். அதைச் சாப்பாடு என்று ஒருவர் சொல்லிக் கேட்பது அதுதான் முதல் தடவை.

மாத்திரை எழுதினார் டாக்டர். தினமும் நடக்க வேண்டும், எடை குறைய வேண்டும், சாதத்தைக் குறைத்துக் காய், கீரை, முட்டை, மீன் என்று சாப்பிட வேண்டும் என்றார். "ஒரே நாள்ல மாறாது. ஆனா விடாம செய்யுங்க" என்று சொல்லி அனுப்பினார்.

எதையும் பெரிதாகச் செய்தே பழகியவர் பாக்கியராஜ். இதையும் அப்படியே ஆரம்பித்தார். பளபளவென்று ஷூ வாங்கினார். நேரு வீதிப் பக்கம் ஒரு ஜிம்மில் சேர்ந்தார். முதல் நாளே பக்கத்தில் நின்ற கல்லூரிப் பையன் தூக்கியதைத் தானும் தூக்கிப் பார்த்து, மறுநாள் கையைத் தலைக்குமேல் கொண்டுபோக முடியாமல் சட்டை போடவே மேரியைக் கூப்பிட வேண்டியதாயிற்று. வெள்ளரிக்காயும் தக்காளியும் மட்டுமே சாப்பிட்டு ஒரு வாரம் கிடந்தார். கண்ணெல்லாம் உள்ளே போய்விட்டது. அடுத்த ஆர்டரில் தம் உடைத்ததும் அந்த வாசனையில் எல்லாம் போயிற்று. ஒரு தட்டு சாப்பிட்டார். சாப்பிட்டதும், "சரி, விட்டுப்போச்சு" என்று சொல்லி இன்னொரு தட்டும் சாப்பிட்டார். மறுநாள் ஜிம்முக்குப் போகவில்லை. அப்புறம் போகவே இல்லை.

பிறகு யாரோ கேப்பை நல்லது என்றார்கள். மூன்று வேளையும் கேப்பைக் களி, கருவாட்டுக் குழம்பு. "நம்ம ஊரு சாப்பாடு, ஒடம்புக்குக் கெடுதலா பண்ணும்?" என்று ஒரு கை பார்த்தார். அடுத்த பரிசோதனையில் சர்க்கரை இறங்கவே இல்லை. "களியா இருந்தாலும் அளவு வேணும் சார்" என்றார் டாக்டர். அந்தக் கோபத்தில் களியையும் விட்டார். அப்புறம் காலேஜ் மைதானத்தில் காலை நடை. ஐப்பசி மழையில் நாலு நாள் நின்றது, நின்றது நின்றதுதான். ஷூ கட்டிலுக்கடியில் போயிற்று.

ஒவ்வொரு தடவையும் அவர் சொன்னது அதே வார்த்தைதான். "விட்டுப்போச்சு." நூலறுந்த பட்டத்தைப் பார்த்துச் சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார். வெனிலா ஞாயிற்றுக்கிழமைகளில் போன் செய்து, "அப்பா, நடக்கிறியா?" என்று கேட்பதை நிறுத்திவிட்டாள். அது அவருக்கு உறுத்தியது. ஆனாலும் ஒன்றும் செய்யவில்லை.

தை மாதம் கண்டமங்கலத்தில் ஒரு கல்யாணம். மாப்பிள்ளையின் அப்பா விருத்தாசலம், சொந்த நிலத்தில் கரும்பு போடுகிறவர். பாக்கியராஜிடம் மட்டும்தான் பிரியாணி என்று ஒற்றைக் காலில் நின்று பிடித்தவர். அன்றைக்குப் பார்த்து வேணி வரவில்லை. வேணிதான் பாக்கியராஜ் குழுவில் வெகுகாலமாக இருப்பவர். காய் நறுக்குவதிலிருந்து தயிர்ப்பச்சடி வரைக்கும் எல்லாம் பார்ப்பவர். திருவெண்ணெய்நல்லூரில் அவர் தாய்மாமன் இறந்துபோனதால் முந்தின நாளே பஸ் ஏறிப் போயிருந்தார்.

அன்றைக்குத்தான் பாக்கியராஜ் ஒரு சபதம் எடுத்திருந்தார். இன்றைக்கு வேலை முடிகிறவரை வாயில் ஒரு பருக்கை வைப்பதில்லை. கண்ணாலும் கையாலும் பார்த்தே முடித்துவிடலாம், இத்தனை வருஷ அனுபவம் எதற்கு இருக்கிறது? ஆனால் வெறும் வயிறு, காலை மாத்திரை, அடுப்பு வெக்கை. தலை கிறுகிறுத்தது. மசாலாவில் ஒரு தடவை உப்பைப் போட்டவர், உலை கொதிக்கும்போது போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் இன்னொரு தடவை போட்டார். யாரையும் கேட்கவில்லை. வாயிலும் வைத்துப் பார்க்கவில்லை.

முதல் பந்தியில் சாப்பிட்டவர்கள் தண்ணீர் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். சிலர் இலையை மூடிவிட்டு எழுந்தார்கள். விருத்தாசலம் சமையல் பக்கம் வந்தார். கத்துவார் என்று எல்லாரும் ஒதுங்கி நின்றார்கள். அவர் கத்தவில்லை. "மாஸ்டர், உங்க பேர நம்பி ஊரையே கூப்புட்டேனே" என்றார். அவ்வளவுதான். திரும்பிப் போய்விட்டார்.

வெறும் சோறு வடித்து அண்டாவில் கலந்து, எலுமிச்சம்பழம் பிழிந்து, எப்படியோ மற்றப் பந்திகளை ஒப்பேற்றினார்கள். வீட்டுக்கு வந்த பாக்கியராஜ் சட்டையைக்கூடக் கழற்றாமல் சோற்றுப் பானையைத் திறந்து உட்கார்ந்தார். மேரி தடுக்கவில்லை.

"என் வாயக் கட்டினா என் பொழப்பக் கட்டின மாதிரி மேரி" என்றார் சாப்பிட்டு முடித்ததும். "சாவு வந்தா வரட்டும். இனிமே இந்தப் பேஜாரு எனக்கு வேணாம்."

மேரி தட்டை எடுத்துக் கொண்டுபோய்க் கழுவினார்.

பிப்ரவரியில் சாம்பல் புதன் வந்தது. ஈஸ்டருக்கு முந்திய நாற்பது நாள் தவக்காலம் அன்றைக்குத் தொடங்கும். பாக்கியராஜ் வீட்டில் அந்த நாற்பது நாளும் கறி கிடையாது. சின்ன வயசிலிருந்து அவர் அதை ஒரு வருஷம்கூட மீறியதில்லை. காலைப் பூசைக்குப் போய் நெற்றியில் சாம்பலோடு இருவரும் திரும்பினார்கள். மேரி மிஷினில் உட்கார்ந்தார். பாக்கியராஜ் நாற்காலியில் சாய்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கெழம மயிலத்துல ஆர்டர் இருக்குதே" என்றார் மேரி, தையலிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ஆமா. மட்டன்."

"நீங்க கறி வாயில வைக்கமாட்டீங்க. அப்ப உப்பு காரம் யாரு பாப்பாங்க?"

"வேணி பாப்பா. வருசா வருசம் தவக்காலத்துல அவதானே பாக்கறா."

"நல்லா இருந்துச்சா?"

"யாரும் ஒண்ணும் சொன்னதில்லையே. போன வருசம் அந்தக் கொல்லைமேட்டு வளைகாப்புல..." என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். தான் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்று அப்போதுதான் அவர் காதில் விழுந்தது. மிஷின் ஓடிக்கொண்டே இருந்தது.

"அது சாமிக்காக மேரி" என்றார். "நாப்பது நாள் கண்ண மூடிக்கினு இருந்தா ஈஸ்டர் வந்துடும். இது அப்படி இல்ல. இதுக்கு முடிவே கெடையாது."

மேரி மிஷினை நிறுத்தினார். "நாப்பது நாள்ல முடியணும்னு நானும் நெனைக்கலீங்க. நீங்க ரொம்ப நாளு இருக்கணும்னுதான் நெனைக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை மயிலத்தில் அண்டா ஏற்றிய பிறகு பாக்கியராஜ் வேணியைத் தனியாகக் கூப்பிட்டார். தவக்காலம் முடிந்தபிறகும் வருஷம் முழுக்க நீதான் ருசி பார்க்க வேண்டும் என்று சொல்ல அவருக்கு வாய் சுலபமாக வரவில்லை. சுற்றி வளைத்துச் சொல்லி முடித்தார்.

வேணி முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே யோசித்தார். "அண்ணா, நோம்புக்குப் பாக்கறது வேற. அந்த நாப்பது நாளும் நீங்க பக்கத்துல நின்னுக்கினு என் மூஞ்சியவே பாப்பீங்க. எனக்குத் துப்பவும் முடியாது முழுங்கவும் முடியாது. வருசம் முச்சூடும் அப்படின்னா என்னால ஆவாது."

"பின்ன எப்படி?"

"நான் சரின்னா சரி. அதுக்கப்புறம் யாருக்கும் தெரியாம கரண்டிய நக்கக்கூடாது. அப்படின்னா பாக்கறேன்."

"சரி."

"கோவிச்சுக்க மாட்டீங்களே?"

"ஜல்தி போய் உப்பப் பாரு வேணி" என்றார் பாக்கியராஜ்.

எல்லாம் உடனே நன்றாக நடந்துவிடவில்லை. இரண்டாவது ஆர்டரிலேயே கத்திரிக்காய்க்கு வேணி கொஞ்சம் புளியைக் கூட்டிவிட்டார். கண்ணால் பார்த்தபோதே பாக்கியராஜுக்குத் தெரிந்துவிட்டது. கை துறுதுறுவென்று கரண்டிக்குப் போனது. பின்னால் கட்டிக்கொண்டார். பந்தியில் ஒரு பெரியவர், "கத்திரிக்கா இன்னிக்குப் புளிப்பு தூக்கலா இருக்குது, ஆனா பிரியாணிக்கு இப்படியும் நல்லாத்தான் கீது" என்று சொல்லி இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டார். பாக்கியராஜ் சுவரோரமாக நின்று அதைக் கேட்டார். ஒரு குழம்பு தன் நாக்குக்குச் சரியாக இல்லாமலும் ஒரு கல்யாணம் நடந்து முடியும் என்று அன்றைக்குத்தான் அவருக்குப் புரிந்தது. கோபம், வருத்தம், கொஞ்சம் நிம்மதி எல்லாம் கலந்து வந்தது என்று பின்னால் என்னிடம் சொன்னார்.

மேரி ஒரு வேலை செய்தார். ஆர்டருக்குப் போகும்போதெல்லாம் டிபன் டப்பா கட்டிக் கொடுத்தார். முருங்கைக்கீரை போட்ட கேப்பை அடை இரண்டு, அவித்த முட்டை, ஒரு கைப்பிடி மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வேகவைத்தது, வெள்ளரிக்காய். அண்டாவை அடுப்பில் ஏற்றுவதற்கு முன் ஒரு நாற்காலி போட்டு உட்கார்ந்து அதைச் சாப்பிட வேண்டும். பசியோடு அடுப்புக்கு முன்னால் நின்றால் எந்தச் சபதமும் நிற்காது என்று கண்டமங்கலத்தில் பட்டுத் தெரிந்திருந்தது. முதலில் ஆள்காரர்கள் கேலி செய்தார்கள். பிரியாணி மாஸ்டர் வீட்டிலிருந்து அடை கட்டிக்கொண்டு வருகிறாரே என்று. பாக்கியராஜ் மெதுவாக மென்று சாப்பிட்டுவிட்டுக் கை கழுவிக்கொண்டு எழுவார்.

நடைக்குத்தான் வழி தெரியவில்லை. விடியற்காலையிலேயே அடுப்பு மூட்டுகிறவருக்குக் காலை நடை எப்படி வாய்க்கும்? டாக்டரிடம் கேட்டபோது, "காலைலதான் நடக்கணும்னு யார் சொன்னது? எப்ப நேரம் கிடைக்குதோ அப்ப நடங்க" என்றார். அவருக்கு எப்போது நேரம் கிடைக்கும்? யோசித்துப் பார்த்ததில் ஒன்று தெரிந்தது. அரிசியைப் போட்டுக் கிளறி, மூடியின்மேல் தணலை அள்ளிப்போட்டுத் தம் போட்டபிறகு, அதைத் தொடவே கூடாது. திறக்கக் கூடாது. அந்த நேரம் முழுக்க அவர் நாற்காலியில் உட்கார்ந்து டீயும் போண்டாவுமாக இருப்பதுதான் வழக்கம்.

அடுத்த கல்யாணத்தில் தம் போட்டதும் அவர் மண்டபத்தைச் சுற்றி நடக்க ஆரம்பித்தார். பந்தல் கம்பம், ஜெனரேட்டர், கார் நிறுத்துமிடம், வாழைமரம் கட்டிய வாசல், மறுபடி அடுப்பு. தணல் பக்கம் வரும்போது மூடியை ஒரு பார்வை பார்த்துக்கொண்டு அடுத்த சுற்று. வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த பெண்கள் இவர் சுற்றிச் சுற்றி வருவதைப் பார்த்து, எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறார் என்று நினைத்தார்கள். ஒரு பாட்டி, "இன்னா தம்பி, சாவி காணுமா?" என்றே கேட்டுவிட்டார். "தம்மு நட" என்று ஆள்காரர்கள் பேர் வைத்தார்கள். சில நாள் கழித்து, இடுப்பு வலி என்று சொல்லிக்கொண்டிருந்த வேணியும் கூட நடக்க ஆரம்பித்தார். ஆர்டர் இல்லாத நாளில் சாயங்காலம் மேரியோடு ரயில்வே ஸ்டேஷன் வரைக்கும் போய் வருவார். மேரிக்கு வேக நடை ஆகாது. பேசிக்கொண்டே நடப்பார்கள். கல்யாணமான புதிதில்கூட இவ்வளவு பேசியதில்லை என்று மேரி சொல்லுவார்.

ஈஸ்டர் வந்தது. வெனிலாவும் வந்திருந்தாள். நாற்பது நாள் கழித்து வீட்டில் பிரியாணி. பாக்கியராஜ் ஒரு தட்டு சாப்பிட்டார், இன்னொன்றும் சாப்பிட்டார், மேலே பாயசம். மறுநாள் விடிந்தும் எழவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். மேரிக்கு அந்த முதுகைப் பார்த்தாலே தெரியும்.

"விட்டுப்போச்சு மேரி" என்றார் சுவரைப் பார்த்தபடியே.

"நேத்து விட்டுச்சு" என்றார் மேரி. "இன்னிக்கு இன்னும் விடலியே. இப்பத்தானே பொழுது விடிஞ்சிக்கினு இருக்குது."

அவர் அசையவில்லை. கதவோரம் நின்றிருந்த வெனிலா கட்டிலுக்கடியில் குனிந்து ஷூவை வெளியே இழுத்து, மேலிருந்த ஒட்டடையைத் தட்டினாள். தட்டிக்கொண்டே இருந்தாள். அந்தச் சத்தம் பொறுக்காமல் பாக்கியராஜ் எழுந்து உட்கார்ந்தார். அன்றைக்கு மூன்று பேருமாகப் போனார்கள். அரைமனசோடு நடந்த நடைதான். ஆனால் அதற்கு முன்பு விட்டதை மறுநாளே அவர் எடுத்ததில்லை. அவருக்கே அது புதிதாக இருந்தது.

சித்திரை, வைகாசி, ஆவணி என்று முகூர்த்தங்கள் போயின. எல்லா நாளும் நடந்தார் என்றோ எல்லா நாளும் அடையே சாப்பிட்டார் என்றோ சொன்னால் அது பொய். விட்ட நாள்கள் இருந்தன. ஒரு நிச்சயதார்த்தத்தில் வேணி பார்க்காத நேரம் ஒரு துண்டு கறியை வாயில் போட்டு மாட்டிக்கொண்டார். வேணி இரண்டு நாள் பேசவில்லை. ஆனால் மறுநாள் எழுந்து கொள்வது கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. பேன்ட் இடுப்பில் தளர, மேரியே பிடித்துத் தைத்துக் கொடுத்தார்.

நவம்பர் கடைசியில் பெஞ்சல் புயல் வந்தது. மழையா அது! வானத்தையே கவிழ்த்த மாதிரி. ஏரித் தண்ணீர் ஊருக்குள் புகுந்தது. தாழ்வான தெருக்களில் மார்பளவு. ஆட்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு கோயில் மண்டபங்களிலும் பள்ளிக்கூடங்களிலும் ஏறிக்கொண்டார்கள். எங்கள் தெருவில் முழங்கால் அளவோடு நின்றது. மாதா கோயில் கூடத்தில் ஜனங்கள் நிறைந்துவிட்டார்கள், சமைக்க ஆள் வேண்டும் என்று சாமியார் சொல்லியனுப்பினார்.

பாக்கியராஜ் கொட்டகையிலிருந்து இரண்டு அண்டாக்களை எடுத்தார். தண்ணீரில் மிதக்கவிட்டு, தள்ளிக்கொண்டே, இடுப்பளவு வந்த இடத்திலும் விடாமல் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தார். வேணி எப்படியோ லாரி ஒன்றில் தொற்றி வந்துவிட்டார். விறகெல்லாம் ஈரம், எங்கிருந்தோ கேஸ் அடுப்பு வந்தது. தக்காளிச் சோறு, உப்புமா, கஞ்சி என்று தண்ணீர் வடிகிறவரைக்கும் இருவரும் மேரியும் சமைத்துக்கொண்டே இருந்தார்கள். மாடிப்படி ஏறி இறங்கிச் சோற்றுக் குண்டானைத் தூக்கிக் கொடுத்தார் பாக்கியராஜ். மேல்மூச்சு வாங்கியது, ஆனாலும் முடிந்தது. போன வருஷமென்றால் இரண்டாவது படியிலேயே உட்கார்ந்திருப்பேன் என்று அவரே சொன்னார்.

ஆனால் அந்த நாள்களில் எதுவும் ஒழுங்காக இல்லை. கிடைத்த நேரத்தில் கிடைத்ததைத் தின்றார். ரொட்டி, பிஸ்கட், வெறும் சோறு. மாத்திரை ஒரு பக்கம், தூக்கம் ஒரு பக்கம். தண்ணீர் வடிந்து வீட்டுக்குத் திரும்பியதும் சேறு அள்ளுகிற வேலை. அதோடு மேரி காய்ச்சலில் படுத்துவிட்டார். மேரியின் மிஷின் தண்ணீரில் நின்று துருவேறிப் போயிருந்தது. புதுச்சேரியிலிருந்து வெனிலா வரமுடியவில்லை. கல்யாண ஆர்டர்கள் தள்ளிப்போயின. நடையும் இல்லை, அடையும் இல்லை. கார்த்திகை பாதி இப்படியே கழிந்தது.

ஒரு நாள் காலை மேரி கண் விழித்தபோது பக்கத்தில் அவர் இல்லை. கொட்டகையில் சத்தமில்லை. காய்ச்சல் அன்றைக்குத்தான் விட்டிருந்தது. எழுந்து கதவுவரை வந்து பார்த்தார். தெருவில் சேறு காய்ந்தும் காயாமலும் கிடந்தது. அந்தக் கோடியிலிருந்து பாக்கியராஜ் வந்துகொண்டிருந்தார். லுங்கியை மடித்துக் கட்டி, காலில் ஷூ இல்லாமல் ரப்பர் செருப்பு, அது ஒவ்வொரு அடிக்கும் சேற்றில் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது.

"எங்க போய்ட்டு வர்றீங்க?"

"நடக்கத்தான்."

"ரோடெல்லாம் சேறாச்சே."

"ஆமா, சேறுதான்" என்றார். "ஸ்டேஷன் பக்கம் போக முடியல. காலேஜ் ரோட்டுல பாதி தூரம் போய் வந்தேன். நீ இன்னாத்துக்கு எழுந்து வந்த? போய்ப் படு. கஞ்சி வைக்கிறேன்."

மேரி படுக்கவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து அவர் கால் கழுவுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். எழுப்ப ஆளில்லை. ஷூவை இழுத்துப்போட மகள் இல்லை. "இன்னிக்கு இன்னும் விடலியே" என்று சொல்லவும் ஆளில்லை. இருந்தும் போய் வந்திருக்கிறார். இதை அவரிடம் சொல்ல வேண்டும் என்று மேரிக்குத் தோன்றியது. சொன்னால் வெட்கப்பட்டு ஏதாவது உளறுவார் என்று விட்டுவிட்டார். அன்றைக்குச் சாயங்காலம் வெனிலாவுக்குப் போன் போட்டுச் சொன்னார். வெனிலா, "அப்பாகிட்ட குடும்மா" என்றாள். "அப்பா, நடக்கிறியா?" என்று கேட்டாள்.

பொங்கல் கழித்து டாக்டர் ஆர்த்தி பரிசோதனை முடிவைப் பார்த்தார். சர்க்கரை நன்றாக இறங்கியிருந்தது. புயல் மாதத்தில் ஏறியது போகவும் இறங்கித்தான் இருந்தது. ஒரு மாத்திரையைக் குறைத்தார். "மத்தத நிறுத்தக்கூடாது. முட்டி வலி முழுசா போகாது, ஆனா இன்னும் எடை குறைஞ்சா இன்னும் குறையும்" என்றார். "எப்படி சார் விடாம செஞ்சீங்க?"

"விட்டேன் டாக்டர்" என்றார் பாக்கியராஜ். "நெறைய தடவ விட்டேன். திரும்பத் திரும்ப எடுத்துக்கினேன், அவ்ளோதான்."

வெளியே வந்து ரோட்டோரக் கடையில் மேரிக்கு ஒரு டீயும் தனக்குச் சர்க்கரை இல்லாமல் ஒன்றும் சொன்னார். ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார்.

"இன்னும் பழகலியா?" என்றார் மேரி.

"எங்க பழகறது? நல்லாவே இல்ல" என்று சொல்லிவிட்டு மீதியையும் குடித்தார். அப்போது வேணியிடமிருந்து போன் வந்தது. திருவெண்ணெய்நல்லூரில் அவர் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு, சின்ன ஆர்டர்தான், தானே தனியாகச் செய்யலாமா என்று கேட்டார் வேணி. பாக்கியராஜுக்கு ஒரு நிமிஷம் மனசு சுருக்கென்றது. "செய்யி வேணி. அண்டா வேணும்னா வந்து எடுத்துக்கினு போ" என்றார். போனை வைத்துவிட்டு, "பஸ்ஸுல வேணாம் மேரி, வெயில் ஏறல. நடந்தே போயிடலாமா?" என்று கேட்டார்.

மேரி டம்ளரை வைத்துவிட்டு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.